அளவான பழம்

சுங்குவார்சத்திரத்துக்குப் பக்கத்தில், தண்ணீர் மோட்டாருக்கு ஷாஃப்ட் செய்யும் கம்பெனியில் நான் இன்ஸ்பெக்டர். போலீஸ் என்று நினைத்துப் பயந்துவிட வேண்டாம். லேத்திலிருந்து இறங்கும் ஷாஃப்டை இரும்பு வளையத்துக்குள் விட்டுப் பார்த்து, நுழைந்தால் பாஸ், நுழையாவிட்டால் ரிஜெக்ட் என்று சொல்கிற ஆள், அவ்வளவுதான். வளையம் கம்பெனியுடையது, ஷாஃப்ட் அடுத்தவன் செய்தது, இடையில் என்னுடையது என்று இருந்தது அலட்டல் மட்டும்தான். அதைக் கலெக்டர்கூட அந்த அளவுக்குப் பண்ணியிருக்க மாட்டார். பெயர் கன்னியப்பன். ஊர் பென்னலூர்.

என்னைப் பற்றி இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும். நான் தப்பு செய்துவிட்டேன் என்று என் வாயால் சொல்லி யாரும் கேட்டதில்லை. கம்பெனியில் வளையம் எனக்குச் சாட்சி. வீட்டில் சாட்சியே தேவைப்படவில்லை, ஏனென்றால் என் மனைவி கனகம் இருந்தாள். மழை வராது என்று நான் சொல்லி மழை வந்துவிட்டால், மழை மேல் கோபப்படுவாள். அப்படி ஒரு பெண்டாட்டி கிடைத்தால் எவனுக்கும் தலை கொஞ்சம் வீங்கத்தான் செய்யும். எனக்குக் கொஞ்சத்தோடு நிற்கவில்லை.

இந்த வருஷம் ஆடி முடிந்த கையோடு கம்பெனியில் எல்லோருக்கும் புது சேஃப்டி ஷூ கொடுத்தார்கள். எனக்கு ஒரு அளவு சின்னதாக வந்துவிட்டது. ஊரில் உள்ள ஷாஃப்டுக்கெல்லாம் அளவு பார்க்கிறவன் தன் காலுக்குப் பார்க்கவில்லை. வலது கால் கட்டைவிரலில் உரசி உரசிப் புண் வந்தது. மஞ்சள் வைத்தேன், களிம்பு வைத்தேன், ஆறுகிற வழியாக இல்லை. கடைசியில் ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் கிளினிக் வைத்திருக்கும் அமலா டாக்டரம்மாவிடம் போனேன். நாகர்கோவில் பக்கத்துக்காரர், சின்ன வயசு, வெடுக் வெடுக்கென்று பேசுவார்.

அவர் புண்ணைப் பார்த்துவிட்டு, முதலில் சிறுநீர் பிடித்துக் கொடுக்கச் சொன்னார். கண்ணாடிக் குழாயில் நீல மருந்தோடு கலந்து அடுப்பில் காட்டினார்கள். நீலமாகவே நின்றால் நல்லது, பச்சை, மஞ்சள் என்று மாறினால் சர்க்கரை, செங்கல் நிறம் வந்தால் ரொம்பச் சர்க்கரை. என்னுடையது மஞ்சளைத் தாண்டி நின்றது.

"சர்க்கரை இருக்கு. அது இறங்காம இந்தப் புண் ஆறாது. ஆறலைன்னா விரலை எடுக்க வேண்டி வரும். விளையாட்டு இல்ல, கேட்டீங்களா?" என்றார் டாக்டரம்மா.

கேட்டது. காதுக்கு முன்னால் காலுக்குக் கேட்டது. என் சித்தப்பாவுக்கு இதே வியாதிதான். முதலில் விரல், பிறகு பாதம், பிறகு முட்டி வரைக்கும் போனது. கடைசி இரண்டு வருஷம் வேப்பமரத்தடியில் கயிற்றுக் கட்டிலில் கிடந்து, போகிற வருகிற எல்லோருடைய கால்களையும் பார்த்துக்கொண்டிருப்பார். முகத்தைப் பார்க்கவே மாட்டார். டாக்டரம்மா விரல் என்றதும் எனக்கு அந்தக் கட்டில்தான் கண்ணில் வந்தது. உண்மையாகவே பயந்துபோனேன்.

மாத்திரை எழுதிக் கொடுத்தார். டீயில் சர்க்கரை கிடையாது, இனிப்பைத் தொடக் கூடாது, சோறு பாதி என்றார். எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, வாசல் வரைக்கும் போனவன் திரும்பி, "பழம்?" என்று கேட்டேன். அதற்குள் அடுத்த ஆளின் நெஞ்சில் குழாயை வைத்துவிட்டார். திரும்பாமலே, "அளவாச் சாப்பிடலாம், தப்பில்ல" என்றார்.

அந்த ஒரு வார்த்தையில்தான் நான் விழுந்தேன். வேறு யாராக இருந்தாலும், அளவாக என்றால் கொஞ்சமாக என்று புரிந்துகொண்டு போயிருப்பார்கள். நான் இன்ஸ்பெக்டர் ஆயிற்றே. எனக்கு அளவு என்றால் ஒன்றுதான். "அளவு வருதா?" என்று லைனில் கேட்பார்கள், "அளவுல கீது" என்பேன். ஆகவே டாக்டரம்மா அளவான பழம் சாப்பிடச் சொல்கிறார், பெரிய பழத்தில் சர்க்கரை அதிகம், சின்னதில் குறைவு, படித்தவர் படித்தவர்தான் என்று மனசுக்குள் அவரைப் பாராட்டிக்கொண்டே பஸ் ஏறினேன். என்ன அளவு என்று மட்டும் அவர் சொல்லவில்லை. திரும்பிப் போய்க் கேட்டிருக்கலாம். ஆனால் அளவு விஷயத்தில் நான் இன்னொருவரிடம் போய்ச் சந்தேகம் கேட்பதா?

கம்பெனியில் தேய்ந்துபோன பெரிய வளையம் ஒன்று ஸ்கிராப்பில் கிடந்தது. சூப்பர்வைசரிடம் கேட்டு வீட்டுக்கு எடுத்துப் போனேன். கனகத்தைக் கூப்பிட்டு, ஒரு கொய்யாவை அதில் விட்டுக் காண்பித்தேன்.

"இதுல பூந்து வெளிய வந்தா பாஸு. மாட்டிக்கினா ரிஜெக்ட்டு. புரியுதா?"

"எத்தினி துன்னலாம் மாமா?" என்று கேட்டாள். அவள்தான் கேட்டாள், நான் கேட்கவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

"அளவுல கீறது ஆயிரம் பீஸ் வந்தாலும் ஆயிரமும் பாஸுதான்டி. பாஸானதுக்குப் பின்ன எண்ணிக்கை எதுக்கு?" என்றேன்.

அன்றிலிருந்து வீட்டில் கொய்யாவும் சப்போட்டாவும் மலையாகக் குவிந்தன. சீத்தாப்பழம் நுழையவில்லை, ரிஜெக்ட். பப்பாளியை வளையத்தின் பக்கத்தில்கூடக் கொண்டுவரவில்லை, அவ்வளவு கண்டிப்பு. வாழைப்பழத்தில்தான் எனக்கே கொஞ்சம் உறுத்தல். நீளவாக்கில் விட்டால் ஊரிலுள்ள எல்லா வாழைப்பழமும் பாஸ். ஆனால் ஷாஃப்டும் நீளமானதுதானே, அதையும் நீளவாக்கில்தானே விடுகிறோம் என்று மனசாட்சிக்கு ஒரு விளக்கம் கொடுத்து, அதையும் ஒரு பிடி பிடித்தேன். காலையில் ஒரு தட்டு, ஷிப்டுக்குப் பையில் ஒரு கட்டு, சாயங்காலம் ஒரு தட்டு.

கேண்டீனில் மண்ணாங்கட்டி டீ ஆற்றுவான். வரிசையில் எல்லோருக்கும் கேட்கும்படி, "எனக்குச் சக்கரை போடாத" என்று சொல்லி, ஒரு தியாகியின் முகத்தோடு டம்ளரை வாங்குவேன். பிறகு பெஞ்சில் உட்கார்ந்து கொய்யாவை எடுத்து அடுக்குவேன். லேத் ஓட்டும் அண்ணாதுரைக்கு அது பொறுக்கவில்லை. அவனுடைய ஷாஃப்டுகளை நான் தினமும் திருப்பி அனுப்புகிறவன், அவன் எனக்கு மாலையா போடுவான்?

"இன்னா கன்னியப்பா, டீல சக்கரை வேணாங்கற. பையில பார்த்தா கொய்யாவா அடுக்கிக்கினு வந்துகீற. ரெண்டும் இனிப்புதானே?"

"யோவ், பழத்துல கீறது கடவுள் போட்ட சக்கரை. கடையில விக்கிறது மனுசன் ஆலையில பண்ணது. கடவுள் போட்டது ஒடம்பை ஒண்ணியும் பண்ணாது" என்றேன்.

"அப்போ கரும்பு இன்னா, மிஷின்லயா காய்க்குது?"

மண்ணாங்கட்டி சிரித்த சிரிப்பில் டீ கையில் கொட்டிக்கொண்டான். எனக்குப் பதில் வராவிட்டால் என்ன, வளையம் இருக்கிறதே. அன்று மத்தியானம் அண்ணாதுரையின் ஷாஃப்டுகளைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்து, ஒரு பெட்டியையே திருப்பி அனுப்பினேன். கரும்புக்கு அதுதான் என் பதில்.

ஞாயிற்றுக்கிழமை கனகம் ஸ்ரீபெரும்புதூர் மார்க்கெட்டுக்குப் போனாள். நான் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் தள்ளி நின்றேன். கடைக்கார ராஜம்மா முன்னால் உட்கார்ந்து, இடுப்பில் கயிறு கட்டி வைத்திருந்த வளையத்தை எடுத்து, ஒவ்வொரு கொய்யாவாக நுழைத்துப் பார்க்க ஆரம்பித்தாள். ராஜம்மா தராசைக் கீழே வைத்துவிட்டாள்.

"இன்னாடியம்மா இது, என் கொய்யாவுக்கு வளைகாப்பா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். கனகம் சிரிக்கவில்லை.

"எங்க வூட்டுக்காரரு கம்பெனில இன்ஸ்பெக்டரு. அவரு ஒரு அளவு சொன்னா அதான் அளவு. பேசாம பெரிசையெல்லாம் அந்தாண்ட தள்ளு" என்றாள்.

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. இன்றைக்கு நினைத்தால் அந்தச் சைக்கிளோடு சேர்த்து என்னைக் கிணற்றில் தள்ளலாம் போலிருக்கிறது. வீட்டுக்கு வந்ததும் அவள் எனக்குத் தட்டு நிறையப் பழம் நறுக்கி வைத்துவிட்டு, தனக்குச் சர்க்கரை போடாத டீயை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். நான் விட்டதைத் தானும் விட்டுவிட்டாள். கசக்கவில்லையா என்றேன். "ஒனக்கு இல்லாதது எனக்கு எதுக்கு மாமா?" என்றாள். வாய் நிறைய சப்போட்டா இருந்ததால் என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

ஆவணி முடிவதற்குள் புண் வலிக்காமல் போய்விட்டது. வீட்டில் நான் ஆடாத குறை. கனகம் தினமும் சாயங்காலம் வெந்நீர் வைத்து, என் காலைத் தன் மடியில் போட்டுக் கழுவிக் கட்டுவாள். ஒருநாள் துணியை அவிழ்த்தவள் விளக்கைக் கிட்டே இழுத்து வைத்துப் பார்த்தாள்.

"மாமா, கலரு சரியா இல்ல. நாத்தம் வேற வருது. டாக்டரம்மாகிட்ட காட்டிக்கினு வந்துருவோம்."

"வலிக்குதா?"

"ஒனக்குத்தான் தெரியும்."

"வலிக்கல இல்ல? அப்போ ஆறிக்கினு வருதுன்னு அர்த்தம். கட்டு."

"நீ சொன்னா சரி" என்றாள். கட்டினாள். மறுநாள், எனக்குத் தெம்பு வரட்டும் என்று கூட ஒரு கிலோ கொய்யா வாங்கி வந்தாள்.

மறு வாரம் காய்ச்சல் வந்தது. ஷூவுக்குள் கால் நுழையவில்லை. என் வளையத்தின் மொழியில் சொன்னால் கால் ரிஜெக்ட். கனகம் முதல்முறையாக என்னைக் கேட்காமல், ரோட்டில் நின்று ஒரு வேனைக் கையைக் காட்டி நிறுத்தி, என்னை ஏற்றிக் கிளினிக்குக்குக் கொண்டுபோனாள்.

டாக்டரம்மா கட்டை அவிழ்த்துப் பார்த்தார். ஒரு ஊசியை எடுத்து விரலில் குத்தினார். "தெரியுதா?" என்றார். குத்துகிறார் என்பதைக் கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

"வலி போயிடுச்சுன்னு சந்தோஷப்பட்டீங்களா? போனது வலி இல்ல, உணர்ச்சி."

கண்ணாடிக் குழாயை அடுப்பில் காட்டினார்கள். செங்கல் நிறம். சூளையிலிருந்து அப்போதுதான் எடுத்த மாதிரி.

"மாத்திரை போட்டீங்களா?" போட்டேன். "டீல சீனி?" இல்லை. "ஸ்வீட்?" தொடவில்லை. டாக்டரம்மா குழம்பிப்போனார். அதைப் பார்க்க எனக்கு, காய்ச்சலிலும், கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

"பின்ன என்னதான் சாப்பிட்டீங்க?"

"நீங்க சொன்ன மாதிரி அளவான பழந்தான் டாக்டரம்மா."

கனகம் உடனே இடுப்பிலிருந்து வளையத்தை எடுத்து மேஜை மேல் வைத்தாள். டாக்டரம்மா அதைக் கையில் எடுத்து, ஓட்டை வழியாக என்னைப் பார்த்தார். என்ன இது என்று கேட்டார். நான்தான் விளக்கினேன். கொய்யாவை விட்டேன், சப்போட்டாவை விட்டேன், பப்பாளியைக் கண்டிப்பாகத் தள்ளிவிட்டேன் என்றெல்லாம் சொன்னேன். வாழைப்பழத்தின் திசையைப் பற்றி மட்டும் சொல்லவில்லை.

"ஒரு நாளைக்கு எத்தனை?"

நான் கூரையைப் பார்த்தேன். கனகம்தான் சொன்னாள். "ஒரு மொறம் வரும்மா. சில நாளு மேலயே."

டாக்டரம்மா வளையத்தை மெதுவாகக் கீழே வைத்தார். "அளவான்னா கொஞ்சமான்னு அர்த்தங்க. எண்ணிக்கை."

"அளவு வேற, எண்ணிக்கை வேற டாக்டரம்மா" என்றேன். விரல் போகிற நேரத்திலும் நான் விவாதம் பண்ணினேன் என்பதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

"உங்க கம்பெனில வேறயா இருக்கலாம். ரத்தத்துக்கு ரெண்டும் ஒண்ணுதான்."

"அப்போ பழத்துச் சக்கரை கெட்டதா?"

"யாரு கெட்டதுன்னா? ஒரு நாளைக்கு ஒரு கொய்யா தின்னிருந்தா நானே உங்களைப் பாராட்டியிருப்பேன். அதுல நார் இருக்கு, சீனி மெதுவாத்தான் ஏறும். நீங்க தள்ளிவிட்ட பப்பாளில ஒரு துண்டு தின்னிருந்தாலும் ஒண்ணும் ஆகியிருக்காது. முறம் முறமாத் தின்னா எந்தப் பழமா இருந்தா என்ன, அதுல இருக்கிற சீனியெல்லாம் சீனியாத்தான் நிக்கும்." பிறகு குரலை இறக்கி, "இன்னைக்கே மெட்ராஸ் போங்க. விரலைக் காப்பாத்த முடியும்னு எனக்குத் தோணல. காலைக் காப்பாத்துவோம்" என்றார்.

மெட்ராஸில் இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி. சீட்டு எழுதுகிறவர் ஊர் எது என்று கேட்டார். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் என்றதும் பேனா நின்றது. இந்த வருஷம் மே மாதம் அங்கே தேர்தல் கூட்டத்தில் குண்டு வெடித்ததிலிருந்து எங்கள் ஊரைச் சொன்னால் எல்லோர் பேனாவும் இப்படித்தான் நிற்கிறது. நிமிர்ந்து, என் கால் கட்டைப் பார்த்து, "அன்னைக்கு அங்க இருந்தியாப்பா?" என்று மெதுவாகக் கேட்டார். கொய்யாப்பழத்தால் வந்தது என்று சொல்ல வாய் கூசியது. இல்லைங்க, இது வேற, என்று மட்டும் சொன்னேன்.

விரலை எடுத்துவிட்டார்கள். பாதம் தப்பித்தது, இனி ஒழுங்காக இருந்தால் நடக்கலாம் என்றார்கள். மயக்கம் தெளிந்து கட்டைப் பார்த்தபோது, கட்டைவிரல் இருக்க வேண்டிய இடத்தில் துணி தட்டையாக இருந்தது. நான் அழுதேன். நாற்பத்தைந்து வயசு ஆள், வார்டில் எல்லோரும் பார்க்க, மூக்கை உறிஞ்சிக்கொண்டு அழுதேன். பயம் ஒரு பக்கம். அதைவிட, என் முட்டாள்தனம் எனக்கே அத்தனை பெரிதாகத் தெரிந்தது.

பிறகுதான் கனகத்தைப் பார்த்தேன். கட்டில் காலடியில் தரையில் உட்கார்ந்திருந்தாள். முகம் வீங்கியிருந்தது. என்னை நிமிர்ந்து பார்க்கவே இல்லை.

"கனகம், இங்க வா."

வந்தாள். வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு உடைந்துவிட்டாள்.

"என்னாலதான் மாமா. நான்தான் உன் வெரலை எடுத்துட்டேன்."

"நீ இன்னாடி பண்ண?"

"மார்க்கெட்ல நல்லா பழுத்ததெல்லாம் கொஞ்சம் பெரிசா இருக்கும். ஒனக்குப் பழுத்ததுதான் புடிக்குமேன்னு, இறுக்கமா கீறதைக்கூட அமுக்கி அமுக்கி உள்ள தள்ளிட்டேன். மாட்டிக்கினதைக்கூடப் பாஸ் பண்ணிட்டேன் மாமா. அளவு தப்பிப்போச்சி. டாக்டரம்மா கேட்டப்போ பயந்துகினு சொல்லாம வுட்டுட்டேன்."

இத்தனை நாளும் இதைச் சுமந்துகொண்டுதான் என் காலைக் கழுவியிருக்கிறாள். டாக்டரம்மா அத்தனை தெளிவாகச் சொன்னது எதுவும் அவள் காதில் ஏறவில்லை. வளையம் தப்பாக இருக்கும், அதைக் கொடுத்தவன் தப்பாக இருப்பான் என்ற நினைப்பே அவளுக்கு வரவில்லை.

"அடிப் பைத்தியமே. பெரிசு சின்னதுல ஒண்ணும் இல்ல. கொஞ்சமா துன்னச் சொன்னாங்க, நான் மொறம் மொறமா துன்னேன். தப்பு என்னுது. நான்தான் தப்பாப் புரிஞ்சிக்கினேன்."

அவள் அழுகையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அந்த வார்த்தையை என் வாயால் அவள் கேட்டதில்லை. முந்தானையால் என் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

"எனக்கோசரம் சொல்ற. தெரியும் மாமா."

"இல்லடி. நெஜமா என் தப்புதான்."

"வுடு மாமா, பேசாத. மயக்கம் இன்னும் தெளியல."

பக்கத்துக் கட்டில்காரரின் சம்சாரம் என்னவென்று விசாரித்தாள். கனகம் அவள் பக்கம் திரும்பி, தழுதழுத்த குரலில் சொன்னாள்: "வெரலு போனதே என்னாலதாங்க்கா. ஆனா பாருங்க, பழியைத் தன் மேல போட்டுக்கறாரு. தங்கமான மனுசன்."

அந்த அம்மா என்னைக் கையெடுத்துக் கும்பிடாத குறை. தன் புருஷனை ஒரு பார்வை பார்த்தாள், கேட்டியா என்பதுபோல. அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

நான் கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தேன். "தப்பு என்னுதுதான்! நான்தான் தப்பு!" என்று சத்தமாகவே சொன்னேன். வார்டு முழுவதும் திரும்பிப் பார்த்தது. கனகம் வாயைப் பொத்திக்கொண்டு முன்னைவிட அதிகமாக அழுதாள். நர்ஸ் ஓடிவந்து, அம்மாவை அழ வைக்காதீங்க, படுங்க, என்று என்னை அதட்டிப் படுக்க வைத்தாள்.